இரண்டு மின்கலங்களில் தொடங்கிய போட்டி



பள்ளி விடுமுறையில் அறிவியல் அறையின் அலமாரியைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். மேல்தட்டில் கிடந்த பழைய ரோபோப் பெட்டியைத் திறந்தபோது, பற்சக்கரங்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே ஒரு சிறு கை அகப்பட்டது. பொருள்களைக் கவ்வித் தூக்குவதற்காகச் சாம்பல்நிறத் துண்டுகளால் கட்டப்பட்ட கை. அதனைக் கட்டியவன் நானே. ஒரு போட்டியின் முன்னிரவில் அது உருவாயிற்று. மறுநாட் காலையில் கழன்று விழுந்தது. அக்கதையைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இவ்வாண்டுத் தொடக்கத்தில் ஒரு தந்தையார் என்னைப் பள்ளி வாயிலில் சந்தித்தார். தம் மகனை ரோபோ அணியில் சேர்க்க வேண்டும் என்பது அவர் விருப்பம். பேச்சின் முடிவில், “சார், நீங்களே நல்லா ஒண்ணு செஞ்சி குடுத்துடுங்க, பையன் போட்டியில ஓட்டிக்குவான்,” என்றார். அவரைக் குறைகூற எனக்கு நாவெழவில்லை. காரணம், அதே எண்ணத்தோடு நானும் சில ஆண்டுகள் அணி நடத்தியவன். இப்போட்டிகள் எங்கே, யாரால், எதற்காகத் தொடங்கப்பட்டன என்பதை அறிந்தால் அத்தந்தையாருக்கு நேர்மையான விடை கூற இயலும் எனக் கருதியே இக்கட்டுரையை எழுதுகிறேன். அவ்வரலாற்றின் சிறந்ததோர் அதிகாரம் நம் ஜொகூர் மாநிலத்து ஸ்கூடாயில் எழுதப்பட்டது என்பதும் நம்மில் பலர் அறியாத செய்தியாகும்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய ஒரு நாடகத்தின் வழியாகத்தான் ‘ரோபோ’ என்னும் சொல் உலகிற்கு அறிமுகமாயிற்று. அச்சொல்லின் வேர் ‘ரோபோட்டா’. நிலக்கிழாருக்குக் குடியானவர் கட்டாயமாகச் செய்துதர வேண்டிய உழைப்பை அது குறிக்கும். இரப்பர்த் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்க் கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு அவ்வேரின் பொருளை விளக்கத் தேவையில்லை. தமிழில் ‘இயந்திர மனிதன்’ என்று வழங்குகிறோம். போட்டிக் களத்திலோ மனித வடிவத்தைக் காண்பது அரிது. சக்கரம் பூண்ட ஓர் அடிச்சட்டம், அதன்மேல் ஒரு கை, சில மோட்டார்கள், வழியறிய உதவும் உணரிகள், இவற்றை ஆளும் சிறு கணினி, இவ்வளவே. ஆதலால் இக்கட்டுரையில் ‘ரோபோ’ என்றே எழுதுகிறேன்.

மாணவர்கள் பொறி செய்து போட்டியிடும் வழக்கத்திற்கு இரண்டு ஊற்றுக்கண்கள் உண்டு. ஒன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். 1970களில் அங்கே பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ் நடத்திய இயந்திர வடிவமைப்புப் பாடத்தில், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரே மாதிரியான உதிரிப்பொருள்கள் அடங்கிய பை ஒன்று வழங்கப்படும். அப்பையில் உள்ளவற்றைக் கொண்டே ஒரு பொறியைச் செய்து, பருவ முடிவில் சக மாணவரின் பொறியோடு மோத வேண்டும். எல்லார்க்கும் ஒரே பை என்பதால் வேறுபாடு தோன்றக்கூடிய இடம் மாணவரின் தலையும் கையும் மட்டுமே. இதே ஃப்ளவர்ஸ் பிற்காலத்தில், டீன் கேமன் என்னும் கண்டுபிடிப்பாளர் 1989இல் நிறுவிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்போடு இணைந்து, 1992இல் தொடங்கிய உயர்நிலைப்பள்ளி ரோபோப் போட்டிகளுக்கும் தூணாய் விளங்கினார்.

மற்றோர் ஊற்றுக்கண் தோக்கியோ. தோக்கியோ தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் மசாஹிரோ மோரியை, 1970இல் அவர் எழுதிய ஒரு கட்டுரைக்காக உலகம் இன்றும் நினைவுகூர்கிறது. மனிதனை ஓரளவு ஒத்த ரோபோவை நாம் விரும்புகிறோம்; ஏறக்குறைய முழுதும் ஒத்துவிட்டாலோ அதனைக் கண்டு நமக்கு ஒருவித அச்சம் பிறக்கிறது என்பது அக்கட்டுரையின் சாரம். ஆசிரியர்களாகிய நாம் அறிந்துகொள்ள வேண்டியதோ அவர் 1981இல் தம் வகுப்பில் செய்த வேறொரு காரியம். மாணவர்களிடம் உலர்மின்கலங்கள் இரண்டைக் கொடுத்தார். இவற்றின் ஆற்றலை மட்டுமே கொண்டு ஓடும் பொறியைச் செய்து வாருங்கள் என்றார்.

இரண்டு மின்கலங்களை வரிசையாக இணைத்தால் கிடைப்பது மூன்று வோல்ட். கைவிளக்கு எரியப் போதுமான அளவு. இதில் எங்கே இருக்கிறது கல்வி என்று கேட்கலாம். மின்கலம் எத்தனை வேண்டுமானாலும் இடலாம் என்றால், மெதுவாக ஓடும் வண்டிக்கு மாணவன் பெரிய மோட்டாரைப் பூட்டிவிட்டுப் போய்விடுவான். பணம் உள்ளவன் இன்னும் பெரியதைப் பூட்டுவான். இரண்டுக்கு மேல் இல்லை என்ற உடனே அவன் சக்கரத்தைக் குனிந்து பார்க்கத் தொடங்குகிறான். அச்சு உராய்கிறதா? சட்டம் வேண்டாத எடையைச் சுமக்கிறதா? பற்சக்கர விகிதம் பொருந்துகிறதா? ஆசிரியர் ஒரு சொல்லும் சொல்லாமலேயே உராய்வும் நிறையும் திருப்புவிசையும் பாடமாகிவிடுகின்றன. மோரியின் மேதைமை அவர் கொடுத்தவற்றில் மட்டுமன்று, கொடுக்க மறுத்தவற்றிலும் இருந்தது.

ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. இக்கருத்தைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. 1988இல் ‘கோசென்’ எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கிடையே முதற்போட்டி நடந்தது. பதினைந்து வயதில் சேர்ந்து ஐந்தாண்டுகள் பயிலும் கல்லூரிகள் அவை. இரண்டு மின்கலங்களால் ஓடும் வண்டியில் ஓர் ஆள் அமர்ந்து செல்ல வேண்டும் என்பதே முதலாண்டுப் பணி. தொண்ணூறுகளில் பல்கலைக்கழகங்களும் களமிறங்கின. பிறகு 2002இல், ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியத்தின் பெயரால் நாடுகளுக்கிடையிலான ‘ஏ.பி.யூ. ரோபோகான்’ தோக்கியோவில் தொடங்கிற்று. 1964இல் தோன்றிய அவ்வொன்றியத்தின் தலைமையகம் கோலாலம்பூர் அங்காசாபுரியில்தான் இருக்கிறது என்பதைப் போகிற போக்கில் குறித்துவைக்கிறேன்.

ரோபோகானில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று, போட்டியை நடத்தும் நாடே அவ்வாண்டின் விளையாட்டை வகுக்கும் வழக்கம். ஜப்பான் ஃபூஜி மலையைக் கருப்பொருளாக்கிற்று. 2003இல் தாய்லாந்து செப்பாக் தக்ராவை எடுத்துக்கொண்டது. 2004இல் கொரியர்கள், பிரிந்த காதலர் இருவர் ஆண்டுக்கொரு முறை வானில் சந்திப்பதாகச் சொல்லும் தங்கள் பழங்கதையை ரோபோக்களிடம் கொடுத்தனர். 2008இல் பூனாவில் நடந்தபோது கண்ணன் வெண்ணெய்ப் பானையை எட்டும் ஆட்டம். நம் உறியடியின் உடன்பிறப்பு. 2022இல் புதுடில்லியில் ‘லகோரி’, அதாவது நாம் சிறுவயதில் தோட்டத்து லயங்களின் முன்னால் ஆடிய ஏழு கல் ஆட்டம். பந்தெறிந்து கல்லடுக்கைச் சரிப்பதும், மீண்டும் அடுக்குவதும் ரோபோக்களுக்குப் பணியாயின. 2006இல் மலேசியா ஏற்று நடத்தியபோது, எதிர்பார்த்தபடியே, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம். கட்டைகளை அடுக்கிக் கோபுரம் எழுப்பும் அப்போட்டியில் வியட்நாமின் ஹோ சி மின் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வென்றது. அது அவ்வணிக்கு மூன்றாம் வெற்றி. வியட்நாமும் சீனாவும் ஜப்பானும் தாய்லாந்தும் மாறிமாறிக் கோப்பையைக் கொண்டுசென்ற காலம் அது. மலேசியர்களுக்கு வாகை சூடும் நாள் வெகுநாள் வரவில்லை.

வந்தபோது அது ஸ்கூடாய்க்கு வந்தது.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை ஜொகூர் மக்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேசியத் தொழில்நுட்பக் கழகமாக 1972இல் தகுதி பெற்று, 1975இல் இன்றைய பெயரை ஏற்ற அதன் முதன்மை வளாகம் ஸ்கூடாயில் உள்ளது. நம் பிள்ளைகள் பலர் அங்குப் பொறியியல் பயின்றிருக்கின்றனர். அப்பல்கலைக்கழகத்தின் அணி 2016 ஆகஸ்டில் பாங்காக்கில் நடந்த ஏ.பி.யூ. ரோபோகானில், இறுதிச்சுற்றில் தோக்கியோ பல்கலைக்கழகத்தை வென்று வாகை சூடிற்று. மலேசிய அணியொன்று அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. (தோக்கியோ பல்கலைக்கழகமும் மோரி கற்பித்த தோக்கியோ தொழில்நுட்பக் கழகமும் வேறுவேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளாதிருக்க வேண்டுகிறேன்.)

வெற்றியைவிட அவ்வாண்டின் விதிதான் வியப்பிற்குரியது. தாய்லாந்து வகுத்த கருப்பொருள் தூய ஆற்றல். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு வகை ரோபோக்கள். ஒன்றன் பெயர் ‘ஈக்கோ’, மற்றதன் பெயர் ‘ஹைபிரிட்’. காற்றாலையின் இறக்கையைச் சுமந்துகொண்டு மேடுகளையும் சரிவுகளையும், வளைந்து செல்லும் ‘ஆற்றையும்’ ஈக்கோ கடக்க வேண்டும். ஆனால் தன்னை ஓட்டிக்கொள்ள அதற்கு மோட்டார் கிடையாது! திசை திருப்ப மட்டும் ஓர் இயக்கி உண்டு. முன்னே செல்வதற்கான விசையை அருகில் வரும் ஹைபிரிட் ரோபோ, தொடாமலேயே தர வேண்டும். காற்றை வீசித் தள்ளலாம், காந்தத்தால் உந்தலாம். முடிவில் ஹைபிரிட் அவ்விறக்கையை எடுத்து, கம்பத்தில் ஏறி, உச்சியில் உள்ள காற்றாலைப் பொறியில் பொருத்த வேண்டும். பொருத்தியவுடன் ‘சாய்யோ’, அதாவது தாய்மொழியில் வெற்றி முழக்கம். ஆட்டம் அக்கணமே முடியும். மொத்த நேரம் மூன்று நிமிடம்.

1981இல் இரண்டு மின்கலங்கள். 2016இல் ஓட்டும் மோட்டாரே இல்லாத வண்டி. முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில் கேள்வி இன்னும் கடுமையாகியிருக்கிறது. கேட்கும் முறை மாறவில்லை.

இத்தகைய ரோபோவை ஒரு மாணவர் அணி எவ்வாறு கட்டுகிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். முதல் வேலை திருகாணியைத் தொடுவதன்று, விதிநூலைப் படிப்பது. இதனைப் பலர் நம்புவதில்லை. எடை எவ்வளவு, அளவு எவ்வளவு, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது, தவறினால் மீண்டும் எங்கிருந்து தொடங்க வேண்டும் என ஒவ்வொரு வரியும் ஒரு வடிவமைப்பு முடிவை உள்ளடக்கியது. இரண்டாவது வேலையும் ரோபோ அன்று. ஒட்டுப்பலகையை வாங்கி வந்து, விதிநூலில் உள்ள அளவுப்படியே பயிற்சிக் களத்தை அமைப்பது. களம் இல்லாத அணி, நீரில்லாக் குளத்தில் நீச்சல் பழகும்.

அதன்பிறகே வடிவம். ஈக்கோவையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ எடையுள்ள வண்டியைப் பத்துப் பாகைச் சரிவில் ஏற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். உராய்வே இல்லாவிடினும், கீழே இழுக்கும் விசை ஏறத்தாழ 1.7 நியூட்டன். 170 கிராம் எடையைக் கையில் தாங்கும்போது உணரும் அளவு. இது சிறிதுதான், ஆனால் தொடாமல், காற்றால் மட்டும், நகர்ந்துகொண்டே தர வேண்டும். வண்டியின் எடையைப் பாதியாக்கினால் தேவைப்படும் விசையும் பாதியாகும். ஆகவே மாணவர்கள் கிராம் கிராமாக எடையைச் செதுக்கத் தொடங்குவர். சட்டத்தில் துளையிடுவர், கனமான திருகாணியை மாற்றுவர். அளவு மீறிச் செதுக்கினாலோ வேறு தொல்லை. வண்டி மிக இலேசானால் பக்கவாட்டில் வரும் காற்றே அதனைச் சாய்த்துவிடும். மேட்டின் உச்சியில் இறக்கையின் சுமை அதனைக் குப்புறத் தள்ளும். ஈர்ப்புமையம் தாழ வேண்டும், எடை கூடக்கூடாது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு சிறு இடம் இருக்கிறது. அவ்விடத்தைப் பாடநூலில் காண இயலாது. செய்து, சரிந்து, மீண்டும் செய்துதான் காண வேண்டும்.

ஹைபிரிட்டின் பாடு வேறு. ஈக்கோவுக்கு மிக அருகில் வந்தால் தொட்டுவிடும் அச்சம்; விலகினால் விசை போதாது. கம்பமேறும் பிடி இறுகினால் மோட்டார் திணறும், தளர்ந்தால் வழுக்கும். இறக்கையைப் பொருத்தும் கை ஒரு விரற்கடை தவறினாலும் முன்னர்ப் பட்ட பாடெல்லாம் வீண். இயந்திரம் ஒருவர், மின்னணுவியல் ஒருவர், நிரல் ஒருவர் எனப் பிரிந்து வேலை செய்யும் அணிகளில், பழுது பெரும்பாலும் எவருக்கும் உரிமையில்லாத இடத்திலேயே தோன்றும். மோட்டாரின் அதிர்வில் கம்பி தளர்வது இயந்திரக் குறையா, மின்குறையா? நிரலாளரோ தம் நிரலில் பிழை தேடி இரவைக் கழிப்பார். இறுதி வாரங்களில் புதிதாக எதையும் சேர்க்காமல், ஒரே ஓட்டத்தை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்துப் பழகும் அணியே களத்தில் நிற்கும். களத்தில் இறங்குவோரோ மாணவர் மட்டுமே. பேராசிரியர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும் கோட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும்.

பல்கலைக்கழக மாணவர் இருக்கட்டும். நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது எப்படி வந்தது? அது வேறொரு கிளைக்கதை. சீமூர் பாப்பர்ட் என்னும் கணித அறிஞரும் அவர்தம் தோழர்களும் 1967இல் குழந்தைகளுக்காக ‘லோகோ’ என்னும் கணினி மொழியை உருவாக்கினர். குழந்தை கட்டளையிட, தரையில் ஓர் ‘ஆமை’ ஊர்ந்து சென்று கோடு வரையும். கணினி குழந்தைக்கு நிரல் எழுதலாகாது. குழந்தையே கணினிக்கு நிரல் எழுத வேண்டும் என்பது பாப்பர்ட்டின் கட்சி. அவர் 1980இல் எழுதிய நூலின் பெயரையே லெகோ நிறுவனம் 1998இல் தன் ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ பெட்டிக்குச் சூட்டிற்று. 2006இல் அதன் அடுத்த தலைமுறையும் 2013இல் மூன்றாவதும் வந்தன. 2022இன் இறுதியோடு அவ்வரிசை நிறுத்தப்பட்டது. ஆயினும் பல பள்ளிகளின் அலமாரிகளில் அப்பெட்டிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. எம் பள்ளியிலும் அப்படியே.

அப்பெட்டிகளை நம்பி எழுந்ததே உலக ரோபோ ஒலிம்பியாட். அதன் முதல் அனைத்துலகச் சுற்று 2004இல், ஜொகூர் பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரில் நடந்தது. 2012இல் கோலாலம்பூருக்கும் வந்தது. அதன் விதிகளைப் பெற்றோர் ஒருமுறையேனும் கேட்டறிய வேண்டும். தொடக்கத்தில் ரோபோ 25 சென்டிமீட்டர் கனசதுரத்துள் அடங்க வேண்டும். பல ஆண்டுகள் இருந்த விதிப்படி, பிள்ளைகள் ரோபோவைத் துண்டு துண்டாகப் பிரித்த நிலையில்தான் களத்திற்குக் கொண்டுவர முடியும். கட்டும் முறையைக் காட்டும் படமோ குறிப்போ கையில் இருத்தலாகாது. நினைவைக் கொண்டே அங்கே கட்ட வேண்டும். இவ்விதி பின்னர்த் தளர்ந்தது. ஆயினும் போட்டி நாளன்று காலையில் புதிதாக ஒரு விதியை அறிவிக்கும் வழக்கம் தொடர்கிறது. முன்தினம் மனப்பாடம் செய்து வந்த நிரல் அங்கே அப்படியே செல்லாது. பயிற்றுநர் உள்ளே வரவும் கூடாது.

ஏன் இத்தனை கெடுபிடி? பெரியவர்களாகிய நாம் என்ன செய்வோம் என்பதை விதி வகுத்தோர் நன்கு அறிந்திருந்தனர் என்றே எண்ணுகிறேன்.

இனி அந்தக் கையின் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், வட்டார அளவிலான சிறு போட்டி ஒன்று. ஐந்தாம் ஆண்டு மாணவர் மூவர், இரு பையன்களும் ஒரு பெண்ணும், ஆறு வாரம் உழைத்து ஒரு ரோபோவைக் கட்டியிருந்தனர். அதன் கை மண்வெட்டி போன்றது. கட்டைகளை அள்ளி மெதுவாகத் தூக்கும். பத்துக்கு இரண்டு முறை நழுவவிடும். போட்டிக்கு முன்னாள் இரவு, பிள்ளைகள் வீடு சென்றபின், எனக்குப் பொறுக்கவில்லை. பதினொரு மணி வரை அமர்ந்து, அதனைக் கழற்றிவிட்டு, இரு பற்சக்கரங்களோடு கவ்விப் பிடிக்கும் கையைப் பூட்டினேன். காலையில் காட்டியபோது பிள்ளைகள் கைதட்டினர். முதல் ஓட்டம் நன்றாகவே முடிந்தது. இரண்டாம் ஓட்டத்தில் ஓர் ஆணி நழுவ, கை முழுவதும் கழன்று களத்தில் விழுந்தது. சரிசெய்ய நேரம் கொடுத்தார்கள். மூவரும் துண்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு கயிற்றுக்கு இப்பால் நின்ற என்னைப் பார்த்தனர். நான் வாய் திறக்கலாகாது. எந்த ஆணி எங்கே செல்லும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் அதனைக் கட்டவில்லையே. இறுதியில் கையில்லாத ரோபோவை ஓட்டி, முன்புறத்தால் முட்டித் தள்ளிச் சில புள்ளிகள் பெற்றனர்.

வேனில் திரும்பும்போது வெகுநேரம் எவரும் பேசவில்லை. பிறகு அந்தப் பெண் சொன்னாள்: “சார், எங்க கை மெதுவாத்தான் தூக்கும். ஆனா கழண்டா எங்களுக்கு மாட்டத் தெரியும் சார்.” அவள் குறைகூறும் குரலில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு மிகவும் உறைத்தது.

மறுவாரமே சிலவற்றை மாற்றினோம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு கொடுத்தேன். பென்சில் படம் இல்லாமல் எந்தத் துண்டும் பூட்டலாகாது. சக்கரம் ஒரு சுற்றில் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை நான் சொல்வதில்லை. மாணவர்கள் சக்கரத்தில் மையால் புள்ளியிட்டு, அடிக்கோலின்மேல் உருட்டிப் பார்ப்பர். எம் பெட்டியில் உள்ள 56 மில்லிமீட்டர் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர் செல்கிறது. ஒரு மீட்டர் செல்ல ஐந்தரைச் சுற்றுக்குச் சற்று மேல். அது என் எண்ணாக இருந்த காலத்தில் மறந்தனர். தங்கள் எண்ணானபின் மறப்பதில்லை. விட்டத்திற்கும் அத்தொலைவுக்கும் உள்ள உறவை ஒரு மாணவன் தானே வகுத்துப் பார்த்து, “எல்லாச் சக்கரத்துக்கும் மூணுக்குக் கொஞ்சம் மேலயே வருது சார்,” என்றான். நான் எதிர்பாராத பாடம் அது. இடைநிலைப்பள்ளியில் பை என்னும் எழுத்தைக் காணும்போது அவன் அதனைப் பழைய அறிமுகமாய்க் காண்பான்.

கோட்டைத் தொடர்ந்து செல்லும் நிரலிலும் அவ்வாறே. தரையிலிருந்து திரும்பும் ஒளியை உணரி எண்ணாகக் காட்டும். வெள்ளையில் 60, கறுப்பில் 8 என்றால், நடுவே 34. அதற்கு மேலென்றால் ஒருபுறமும் கீழென்றால் மறுபுறமும் திருப்பினால் வண்டி கோட்டின் ஓரத்தைப் பற்றிக்கொண்டே செல்லும். வகுப்பறையில் நன்றாய் ஓடிய வண்டி, ஒருநாள் மண்டபத்தில் சாளரத்தருகே வைத்தவுடன் தாறுமாறாய்ச் சுழன்றது. வெயில்! வெள்ளையும் கறுப்பும் வேறு எண்களைக் காட்டின. நான் கைகட்டி நிற்க, அவர்கள் அரைமணி நேரம் நிரலைத் திட்டி, பிறகு மோட்டாரைத் திட்டி, இறுதியில் சாளரத்தைப் பார்த்தனர். அன்றிலிருந்து எங்கே சென்றாலும் முதலில் இரண்டு எண்களையும் அளந்து எழுதிக்கொள்வது அவர்கள் வழக்கமாயிற்று. கைகட்டி நிற்கும் அந்த அரைமணி நேரம் எனக்கு எவ்வளவு கடினமாக இருந்தது என்பதை ஆசிரிய நண்பர்கள் அறிவீர்கள்.

இம்முறையால் கோப்பை குவிந்துவிட்டது என்று கூற மாட்டேன். அடுத்த போட்டியில் எங்கள் அணி நடுவாந்தர இடத்தில்தான் நின்றது. எங்களைவிட அழகான ரோபோக்கள் பல இருந்தன. அவற்றுள் சில எப்படிக் கட்டப்பட்டிருக்கும் என்று ஊகிக்கவும் முடிந்தது. ஊகிக்கத் தகுதியுள்ளவன்தானே நான். ஆனால் எங்கள் மண்வெட்டிக் கை நடுவில் கழன்றபோது, பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்கு நிமிடத்தில் மாட்டிவிட்டு ஓட்டினர். ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ பாடத்திற்கு இதனை எப்படி மதிப்பிடுவது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீங்கியபின் பள்ளி மதிப்பீட்டிற்கு இடம் கூடியிருக்கிறது. ஆயினும் அந்த நான்கு நிமிடத்தை எந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

பள்ளி வாயிலில் கேட்ட அத்தந்தையாரைப் பிறகு அழைத்துப் பேசினேன். ரோபோவை நான் செய்துதர இயலாது. தாங்களும் செய்துதரலாகாது என்றேன். அவர் முகம் வாடிற்று. என்ன தொழில் செய்கிறீர்கள் என வினவினேன். கூலாயில் ஒரு தளவாடத் தொழிற்சாலையில் தச்சுவேலையாம். எட்டுக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றை மட்டமாக இழைத்து, ஓரத்தில் சட்டமடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். பயிற்சிக் களம் இல்லாமல் எங்கள் பிள்ளைகள் இதுவரை வகுப்பறைத் தரையில்தான் ஓட்டிக்கொண்டிருந்தனர். ஓடுகளின் இடுக்கில் சக்கரம் தட்டித் தட்டி வண்டி திசைமாறும்.

சென்ற சனிக்கிழமை காலை அவர் பலகையோடு வந்து இறங்கினார். நான்கு மூலைகளிலும் மட்டக்கோல் வைத்துப் பார்த்துவிட்டே எழுந்தார். மகன் சக்கரத்தில் மைப்புள்ளி இட்டுக்கொண்டிருந்தான். தந்தையார் சற்று நேரம் அவன் பின்னால் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்து, என்னைப் பார்த்து, சிரித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டார். அலமாரியில் அகப்பட்ட பழைய கையை அன்றே பிரித்து, ஆணிகளையும் பற்சக்கரங்களையும் அதனதன் தட்டில் போட்டு வைத்தேன். பற்சக்கரம் இரண்டு போதவில்லை என்று பிள்ளைகள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தனர்.